பாலஸ்தீன ஆய்வு நிதியத்துக்கு ஒரு திறந்த மடல்

லண்டனில் உள்ள பாலஸ்தீன ஆய்வு நிதியத்தின் நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். பழைய வரைபடம் கிடைத்தால் சோறு தண்ணீர் மறந்துவிடுகிற ஆள் நான். பாலஸ்தீனத்தை ஆராய 1865-ல் தொடங்கிய உங்கள் நிதியம் 1880-ல் வெளியிட்ட மேற்குப் பாலஸ்தீன வரைபடத்தின் 26 தாள்களையும் கணினியில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறேன். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு மைல் நிலத்தை ஓர் அங்குலத்தில் அடக்கிய அந்த வேலையின் அருமை தெரியாமல் இல்லை. நில அளவைக் குழுவில் இருந்த டிர்விட் டிரேக் 1874-ல் காய்ச்சலில் இறந்துபோனார். அடுத்த ஆண்டு வடக்கே சஃபேத் ஊரில் நடந்த தாக்குதலில், அளவையை நடத்திய ராணுவப் பொறியாளர்கள் கான்டரும் கிச்சனரும் காயத்தோடு தப்பினார்கள். (பின்னாளில் முதல் உலகப் போரில் படைக்கு ஆள் சேர்த்த பிரிட்டிஷ் சுவரொட்டியில் மீசையும் நீட்டிய விரலுமாக நின்ற அதே கிச்சனர்தான்.) இந்தப் பெயர்களெல்லாம் பத்திரமாக இருக்கின்றன. நான் கேட்க வந்தது மற்றவர்களைப் பற்றி.

வரைபடத்தில் 9,000-க்கும் அதிகமான இடப்பெயர்கள் உண்டு. நிலம் அளக்கும் கோணமானியை எத்தனை முறை திருப்பினாலும் ஓர் ஊற்றின் பெயர் அதில் தெரியாது. உள்ளூர் வழிகாட்டி வாயால் சொன்னார். முகாமில் இருந்த எழுத்தர் அதைக் கேட்டு அரபியில் எழுதினார். அப்புறம்தான் அது ஆங்கில எழுத்துக்கு மாறியது. 1881-ல் அரபி அறிஞர் எட்வர்ட் பாமர் சரிபார்த்த பெயர்ப் பட்டியல் தனி நூலாகவே வந்தது. அப்படி எழுதிக்கொடுத்தவர்களில் ஒருவர் டமாஸ்கஸைச் சேர்ந்த நுஃமான் கசாத்லி. கூலிக்கு எழுதிய குமாஸ்தா என்று ஒதுக்கிவிட முடியாது. தன் ஊரின் வரலாற்றைத் தனி நூலாக எழுதியவர். வழிகாட்டிகளுக்கோ பெயரே இல்லை.

இது மறதி மட்டும்தானா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. மதச் சங்கமாக இயங்கமாட்டோம், அறிவியல் முறைப்படி ஆராய்வோம் என்று 1865-ல் விதி வகுத்துக்கொண்டீர்கள். அதே ஆண்டுக் கூட்டத்தில் இங்கிலாந்துத் திருச்சபையின் யார்க் பேராயர் எழுந்து, பாலஸ்தீனம் நமக்குச் சொந்தமான நாடு என்றார். நில அளவைக்கு ராணுவப் பொறியாளர்களைப் போர் அலுவலகம் அனுப்பியது. 1914-ல் தெற்கே சின் பாலைவனத்துக்கு உங்கள் பெயரில் போன தொல்லியலாளர்கள் உல்லியும் லாரன்சும் (பின்னாளில் ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’ என்று பெயர் பெற்றவர்), பிரிட்டிஷ் அதிகாரி நியூகோம்பின் ராணுவ அளவைக்குத் திரையாகத்தான் நின்றார்கள். லாரன்சே வீட்டுக்கு எழுதிய கடிதத்தில் இதை ஒப்புக்கொள்கிறார். நாடு நம்முடையது என்று ஆனபிறகு, அங்கே இருப்பவரிடம் ஊரின் பெயர் கேட்போம்; அவர் பெயரைக் கேட்கமாட்டோம்.

1948-ல் இஸ்ரேல் உருவானபோது நடந்த போரில் 400-க்கும் மேற்பட்ட பாலஸ்தீன ஊர்கள் காலியாகிப்போயின. தாத்தாவின் ஊர் எங்கே இருந்தது என்று தேடுகிற பேரப்பிள்ளைகள் இன்று உங்கள் தாள்களையும் புரட்டுகிறார்கள்.

எனவே இரண்டு கோரிக்கைகள். இனி இந்த வரைபடத்தை எங்கே அச்சிட்டாலும், கான்டர், கிச்சனர் பெயர்களுக்குப் பக்கத்தில் கசாத்லியின் பெயரையும் போடுங்கள். இரண்டாவது, களக் குறிப்பேடுகளிலும் கடிதங்களிலும் வழிகாட்டிகள், கோவேறு கழுதைக்காரர்கள், சமையல்காரர்கள் பெயர் ஒன்றிரண்டு கிடைத்தாலும் சரி, அரபியிலும் ஆங்கிலத்திலும் யாரும் இலவசமாகப் பார்க்கும்படி வெளியிடுங்கள். அரபி படிக்கத் தெரிந்த பாலஸ்தீன ஆய்வாளர்களையே அந்த வேலைக்கு, தக்க சம்பளத்தோடு, அமர்த்துங்கள்.

இப்படிக்கு,
வரைபடப் பித்துப் பிடித்த ஒரு தமிழ் வாசகர்