பிரசவத்துக்குக் காத்திருக்கும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

நேற்று போனில் நீ கேட்டபோது பக்கத்தில் அம்மா இருந்ததால் மழுப்பிவிட்டேன். "பிரசவ வார்டுல அவங்க என்ன சொன்னாலும் சரின்னு சொல்லிடணுமாக்கா?" என்றாய். அப்படியெல்லாம் இல்லை.

என் பிரசவத்தன்று உன் மாமா வராந்தாவில் நின்றிருந்தார். நர்ஸ் தாளை நீட்டி, "இங்க போடுங்க, இங்கயும்" என்று விரல் வைத்துக் காட்டினார். போட்டுவிட்டார். என்ன தாள் என்று அவருக்கும் தெரியாது, உள்ளே வலியில் கிடந்த எனக்கும் தெரியாது. எனக்குக் காப்பர் டி என்ற கருத்தடைச் சாதனம் வைத்திருக்கிறார்கள் என்பது செக்கப்புக்குப் போனபோதுதான் தெரிந்தது. காப்பர் டி நல்லதுதான். கேட்டிருந்தால் நானே சரி என்றிருப்பேன். என்னைக் கேட்கவே இல்லை என்பதுதான் இன்னும் ஆறவில்லை.

அப்புறம்தான் சமீரா கோலி வழக்கைப் பற்றிப் படித்தேன். 1995இல் டெல்லியில் பரிசோதனைக்காக மயக்க மருந்து கொடுக்கப்பட்டவர். அவர் மயக்கத்தில் இருக்கும்போதே, வெளியே இருந்த அம்மாவிடம் சம்மதம் வாங்கிக் கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். 2008இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: வயது வந்த, சுயநினைவு திரும்பக்கூடிய பெண்ணுக்காக அவள் அம்மா சம்மதம் தர முடியாது. உயிருக்கு ஆபத்து, காத்திருக்க நேரமில்லை என்றால் மட்டும் டாக்டர் கேட்காமல் செய்யலாம். அந்த விதிவிலக்கு நம் நல்லதுக்குத்தான்.

ஆகவே கையெழுத்து உன்னுடையது. உன் வீட்டுக்காரருடையதும் அல்ல, என்னுடையதும் அல்ல. ஊசி போட வந்தால் எதற்கு என்று கேள். குழந்தை வர வழிவிடப் பிறப்புறுப்பின் வாயில் வெட்டக் கத்தரிக்கோலை எடுத்தால், ஏன் வெட்ட வேண்டும் என்று கேள். எல்லாப் பிரசவத்துக்கும் வழக்கமாக வெட்டுவதை உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைக்கவில்லை. வலியில் கத்தினால் யாராவது திட்டக்கூடும். கத்துவது குற்றமில்லை, கண்ணு.

நம் தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளில் பிரசவத்தின்போது கூட ஒரு பெண் துணை இருக்கலாம் என்ற திட்டம் 2004லேயே வந்துவிட்டது. எனக்கு அப்போது அது தெரியாது. உனக்கு நான் வருகிறேன். வலி உச்சத்தில் இருக்கும்போது உனக்குக் கேள்வி வராது, உனக்குப் பதிலாக முடிவெடுக்க மாட்டேன், அவர்கள் சொல்வதை உன் காதில் திரும்பச் சொல்லி, "என்ன சொல்ற?" என்று மட்டும் கேட்பேன்.

கட்டைப் பையில் கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது கொடுத்த பிக்மி எண் எழுதிய அட்டை, ஸ்கேன் ரிப்போர்ட், அப்பாவின் பழைய வேட்டித் துணி எல்லாம் எடுத்து வைத்துவிடு. இனி ராத்திரியிலும் என் போன் அணைந்திருக்காது.

உன் அக்கா