நாட்காட்டியில் நின்ற பெண்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கிருஷ்ணகிரியில் எங்கள் மாங்காய் மண்டிச் சுவரில், ஓரம் பழுப்பேறிய சிவகாசி நாட்காட்டி ஒன்று இன்றும் தொங்குகிறது. அதில் கூடை சுமக்கும் மலைப்பெண்ணின் பாதத்தில் ஒரு துளி மண்கூட இல்லை. 1940களில் அமெரிக்காவின் பிரௌன் அண்ட் பிகலோ நிறுவனத்துக்காக கில் எல்வ்கிரென் வரைந்த நாட்காட்டி அழகிகளும், அக்காலப் படங்களில் பூமாலையும் புல்பாவாடையுமாக நின்ற ஹவாய்ப் பெண்களும் இதே பார்வையில் பிறந்தவர்கள்தாம். எல்வ்கிரென் உயிருள்ள பெண்களைப் புகைப்படம் எடுத்துவைத்துக்கொண்டு, வரையும்போது இடையைக் குறுக்கிக் கால்களை நீளமாக்கினார். அவருடைய தூரிகையின் திறமையை நான் மறுக்கவில்லை. ஆனால், அயல் நிலத்துப் பெண்ணை உழைப்பும் பெயரும் இல்லாத அலங்காரமாக்கிய வழக்கம் மனத்தை வருத்துகிறது. அஞ்செட்டிப் பக்கம் புளி தட்டும் பெண்களின் காய்த்துப்போன கைகளை நம் ஓவியர்கள் வரைய வேண்டும். அவற்றைத் தங்கள் ஞாயிறு மலரில் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கிருஷ்ணகிரி