பாட்டியாரின் மலைப்பாதை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மலையேற்றம் என்றாலே இளைஞர்களின் பெயர்கள் மட்டும் அடிபடும் இந்நாளில், அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தைச் சேர்ந்த எம்மா கேட்வுட் அம்மையாரை நினைவுகூர விரும்புகிறேன். 1887இல் பிறந்த இவர், அடித்துத் துன்புறுத்திய கணவரிடமிருந்து விவாகரத்துப் பெற்று, பதினோரு பிள்ளைகளையும் வளர்த்து ஆளாக்கி, பேரன் பேத்திகளையும் கண்ட பிறகு, 1955இல் தமது 67ஆம் வயதில், அந்நாட்டின் ஜார்ஜியா மாநிலத்திலிருந்து மெய்ன் மாநிலம் வரை 3,200 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் அப்பலாச்சியன் மலைப்பாதையைத் தனியாக நடந்தே கடந்தார். கூடாரம் கிடையாது; காலில் சாதாரணக் கேன்வாஸ் காலணி, தோளில் தாமே தைத்த துணிப்பை, மழைக்குக் குளியலறைத் திரைச்சீலை. (விலையுயர்ந்த மலையேற்றக் காலணி வாங்கி அலமாரியில் வைத்திருப்போர் நம்மிடையே பலர் உண்டு.) உண்ணத்தக்க காட்டுச் செடிகளையும் பழங்களையும் இனங்காணும் அவரது கிராமத்து அறிவு வழியில் பசியாற்றியது. பாதை பராமரிப்பின்றிக் கிடந்ததை அவர் பத்திரிகையாளர்களிடம் வெளிப்படையாகவே சாடினார். அச்செய்திகளால் பொதுமக்களின் கவனமும் அதன்மீது திரும்பியது. 1957இல் மீண்டும் அதே பாதையை நடந்து முடித்த அவர், 1973இல் காலமானார்.

தங்கள் நாளிதழின் முதியோர் பகுதியில் மருத்துவக் குறிப்புகளோடு இத்தகையோரின் வாழ்க்கை வரலாறுகளையும் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்