ஊருக்கு டிக்கெட் போடும் முன்: அமெரிக்கத் தமிழ்ச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்காவில் இயங்கும் தமிழ்ச் சங்கங்களின் நிர்வாகிகளுக்கு வணக்கம்.

பொங்கல் விழாவிலும் சித்திரை விழாவிலும் வரிக் கணக்கு, காப்பீடு, வீட்டுக் கடன் என்று எல்லாவற்றுக்கும் மேசை போடுகிறீர்கள். குடும்ப விசாவுக்கும் ஒரு மேசை போடுங்கள் என்று கேட்கவே இந்த மடல். கணவரையோ மனைவியையோ கிரீன் கார்டுக்கு ஸ்பான்சர் செய்யும் குடும்பங்களுக்கு ஆவணங்களைத் தொகுத்துக் கொடுக்கிறவர்கள் நாங்கள். பலர் ஊருக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் எங்களை அழைக்கிறார்கள். அந்த நேரத்தில் செய்யக்கூடியது மிகக் குறைவு.

ஏன் என்றால், காலம் கடந்து தங்கியவர் திரும்ப வருவதற்கான தடை விழுவது நாட்டை விட்டு வெளியேறும்போதுதான். 1996-ல் நிறைவேறி 1997 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கும் சட்டப்படி, அனுமதிக்கப்பட்ட நாளுக்குப் பிறகு 180 நாட்களுக்கு மேல், ஆனால் ஓராண்டுக்குள் தங்கிவிட்டு வெளியே போனவருக்கு 3 ஆண்டுகள் திரும்ப வர முடியாது. ஓராண்டு அல்லது அதற்கு மேல் என்றால் 10 ஆண்டுகள். மும்பை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் விசா நேர்காணலை முடித்துக்கொண்டு இரண்டு வாரத்தில் திரும்பிவிடலாம் என்று கிளம்புகிறவர், தன் தடையைத் தானே தொடங்கி வைக்கிறார். தங்கை கல்யாணத்துக்கோ அப்பாவின் காரியத்துக்கோ போனாலும் இதேதான். போன காரணத்தைச் சட்டம் பார்ப்பதில்லை.

நம்மவர்கள் இதில் அதிகம் தடுக்குவது ஐ-94 என்ற வருகைப் பதிவின் தேதியில். பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் விசாவின் தேதி உள்ளே நுழைவதற்கானது. எத்தனை நாள் தங்கலாம் என்பதை ஐ-94 சொல்கிறது. எச்-1பி ஊழியரின் துணைக்கான எச்-4 விசாவும் குடியேற்றத் துறையின் ஐ-797 ஒப்புதல் கடிதமும் இன்னும் இரண்டு ஆண்டுகளுக்கு இருக்கலாம். ஆனால் பாஸ்போர்ட் எட்டு மாதத்தில் காலாவதியாகிறது என்றால், விமான நிலைய அதிகாரி ஐ-94-ஐ அந்தப் பாஸ்போர்ட் தேதியோடு நிறுத்திவிடுவது வழக்கம். பிறகு இந்தியத் துணைத் தூதரகத்தில் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தால் புதிய புத்தகம் வரும், ஐ-94 நீளாது. கணவரின் தேதி ஒன்று, மனைவியின் தேதி வேறு. யாரும் கவனிக்காமல் ஏழு மாதம் ஓடிவிடும். ஒவ்வொரு முறை உள்ளே வந்ததும் குடும்பத்தில் ஒவ்வொருவருடைய ஐ-94-ஐயும் சுங்க எல்லைப் பாதுகாப்புத் துறையின் தளத்தில் எடுத்து, அச்சிட்டு, பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்ள வேண்டும். தவறிவிட்டது தெரிந்தால் விமானம் ஏறக் கூடாது. தாமதத்துக்கான காரணத்தை விளக்கி நீட்டிப்பு மனு போட வழி இருக்கிறது. ஏற்பது அதிகாரியின் விருப்பம், ஆனாலும் உள்ளே இருக்கும்போதுதான் அதைக் கேட்க முடியும்.

எதிர்ப்பக்கத்தில் வீண் பயமும் உண்டு. எஃப்-1 மாணவர்களின் ஐ-94-ல் தேதி இருக்காது, 'டி/எஸ்' (அந்தஸ்து உள்ளவரை) என்றே இருக்கும். படிப்பை விட்டுவிட்டால் சட்டப்படி தங்கும் அந்தஸ்து போகும். தடைக்கான நாள் எண்ணிக்கை மட்டும், அந்தஸ்து மீறப்பட்டது என்று குடியேற்றத் துறையோ நீதிபதியோ முறைப்படி சொன்ன பிறகுதான் தொடங்கும். 18 வயது நிறைவதற்கு முன் தங்கிய நாட்கள் கணக்கில் சேராது. காலக்கெடுவுக்குள் போட்ட நீட்டிப்பு மனு நிலுவையில் இருக்கும் நாட்களும் பொதுவாகச் சேராது, மறுக்கப்பட்ட மறுநாளிலிருந்து எண்ணிக்கை ஓடும்.

அடுத்தது, ஊருக்குப் போக வேண்டிய தேவையே இல்லாதவர்கள் போய்விடுவது. இதைத்தான் தாங்க முடியவில்லை. ஸ்பான்சர் செய்பவர் அமெரிக்கக் குடிமகன், வாழ்க்கைத் துணை ஏதோ ஒரு விசாவில் முறையாகச் சோதிக்கப்பட்டு உள்ளே வந்தவர் என்றால், காலம் கடந்து தங்கியிருந்தாலும் பெரும்பாலும் இங்கிருந்தே ஐ-485 என்ற கிரீன் கார்டு மனுவைப் போடலாம். தூதரக நேர்காணலும் வேண்டாம், தடையிலிருந்து விலக்கும் வேண்டாம். கிரீன் கார்டு வைத்திருப்பவரின் துணைக்கு இந்தச் சலுகை இல்லை. அவர் தன் அந்தஸ்தை இழக்காமல் இருந்திருக்க வேண்டும். அதனால் சில குடும்பங்களுக்கு, ஸ்பான்சர் குடியுரிமை வாங்கும்வரை பொறுப்பதே விலக்கு மனுவைவிட நல்ல வழி. காத்திருக்கும் காலத்தில் ஆபத்து உண்டு என்பதால், இதை வழக்கறிஞரோடு உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும்.

வெளியே போயே ஆக வேண்டும் என்கிறவர்களுக்கு, அதாவது எல்லையில் சோதனையின்றி நுழைந்தவர்களுக்கும், கிரீன் கார்டுதாரர்களின் துணைகளில் அந்தஸ்து இழந்தவர்களுக்கும், ஐ-601ஏ என்ற முன்கூட்டிய விலக்கு இருக்கிறது. 2013 மார்ச்சில் குடிமக்களின் மிக நெருங்கிய உறவுகளுக்காகத் தொடங்கி, 2016 ஆகஸ்டில் மற்றக் குடும்ப வகைகளுக்கும் விரிந்தது. வரிசை இப்படி: முதலில் உறவை நிரூபிக்கும் ஐ-130 மனுவுக்கு ஒப்புதல், பிறகு வெளியுறவுத் துறைக்குக் குடியேற்ற விசாக் கட்டணம் 325 டாலர், அந்த ரசீதோடு ஐ-601ஏ. 2024 ஏப்ரலில் இதன் கட்டணம் 795 டாலர் ஆனது. அனுப்பும் நாளன்று தளத்தில் சரிபாருங்கள், தொகை தவறினால் முழுக் கட்டும் திரும்பி வந்துவிடும். முடிவு வர ஆண்டுக்கணக்கில் ஆகிறது. அதுவரை வேலை அனுமதியோ அந்தஸ்தோ கிடையாது, நாட்டை விட்டு வெளியேறவும் கூடாது. மறுத்தால் மேல்முறையீடு இல்லை, புதிதாகப் போடலாம்.

விலக்கு கேட்பவர் நிரூபிக்க வேண்டியது தன் கஷ்டத்தை அல்ல. குடிமகனாகவோ கிரீன் கார்டுதாரராகவோ இருக்கும் கணவன், மனைவி, அல்லது பெற்றோருக்கு நேரும் மிகக் கடுமையான கஷ்டத்தை. பிள்ளைகள் இந்தப் பட்டியலில் இல்லை. பிள்ளைக்காக எழுதிய பத்துப் பக்கக் கடிதத்தை அதிகாரி அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டார். ஆட்டிசம் உள்ள மகனைத் தனியாகப் பார்த்துக்கொண்டு இரவு ஷிஃப்ட் போகும் கணவருக்கு என்ன ஆகும் என்று எழுதினால், அதே உண்மை கணக்கில் வரும். மகனின் பள்ளித் திட்ட அறிக்கை, தெரபி அட்டவணை, கணவரின் ஷிஃப்ட் பட்டியல் மூன்றையும் அருகருகே வைத்து, எந்தெந்த மணி நேரத்தில் வீட்டில் ஆள் இருக்க மாட்டார்கள் என்று காட்ட வேண்டும். பிரிவின் வேதனை, வருமானக் குறைவு, ஊரில் பள்ளி சரியில்லை என்பவை எல்லாக் குடும்பத்துக்கும் பொதுவானவை என்று துறை கருதுகிறது. அவற்றை மட்டும் நம்பிப் போன மனு நிற்காது. பிரிந்து இருந்தால் என்ன ஆகும், கூடவே ஊருக்குப் போனால் என்ன ஆகும் என்ற இரண்டுக்கும் சான்று வைப்பது பாதுகாப்பு. ஈழத்திலிருந்து வந்து இங்கே அடைக்கலம் பெற்றவரே கஷ்டத்துக்கு ஆளாகும் அந்த உறவினராக இருந்தால், அந்த அடைக்கல உத்தரவின் நகலை முதல் பக்கங்களிலேயே வையுங்கள். துறையின் கொள்கைக் கையேடு தனி எடை கொடுக்கும் காரணங்களில் அது ஒன்று.

ஐ-601ஏ கையில் இருக்கிறது, இனி நேர்காணல் வெறும் சடங்கு என்று நினைப்பது ஆபத்து. அந்த விலக்கு காலம் கடந்து தங்கியதை மட்டுமே மன்னிக்கிறது. தூதரக அதிகாரி வேறொரு தகுதியின்மையைக் கண்டால் அது தானாக ரத்தாகும். அப்புறம் வெளியே இருந்தபடியே, மன்னிக்கக்கூடிய காரணம் என்றால், ஐ-601 என்ற வழக்கமான விலக்கு மனுவைப் போட வேண்டும்.

அப்படிப் புதிதாகத் தலைதூக்கும் தகுதியின்மைக் காரணங்கள் பெரும்பாலும் பழைய காகிதத்தில் இருக்கின்றன. பத்து ஆண்டுக்கு முன் டிராவல்ஸ்காரர் நிரப்பிய டிஎஸ்-160 என்ற தற்காலிக விசாப் படிவத்தில் 'திருமணமாகாதவர்' என்றோ, இல்லாத வேலை அனுபவமோ எழுதியிருந்தால், அதிகாரியின் திரையில் அது அப்படியே இருக்கும். பொய்த் தகவல் என்று முடிவானால் தடை ஆயுளுக்கும். குடித்துவிட்டு வண்டி ஓட்டிக் கைதானது 5 ஆண்டுக்குள் ஒருமுறை, அல்லது 10 ஆண்டுக்குள் இரண்டு முறை என்றால், வழக்கு தள்ளுபடியாகியிருந்தாலும் தூதரகம் நியமித்த மருத்துவரின் கூடுதல் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். அவர் விசாவைத் தடுக்கும் 'கிளாஸ் ஏ' நிலை என்று எழுதினால் பொதுவாக ஓராண்டு காத்திருக்க நேரும். ஓராண்டுக்கு மேல் சட்டவிரோதமாகத் தங்கி, வெளியே போய், மறுபடி எல்லை தாண்டி உள்ளே வந்தவருக்கு நிரந்தரத் தடை. அதற்கு ஐ-601ஏ உதவவே உதவாது.

ஈழத்தமிழ்க் குடும்பங்களிடம் தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்று. அமெரிக்கா 1997 அக்டோபரில் விடுதலைப் புலிகளை வெளிநாட்டுப் பயங்கரவாத அமைப்பாக அறிவித்தது. மிரட்டலில் கட்டிய வரியும், வற்புறுத்தலில் கொடுத்த சாப்பாடும்கூட 'பொருளுதவி' என்ற வகையில் வரலாம். கட்டாயத்தால் கொடுத்தவர்களுக்கு விதிவிலக்கு இருக்கிறது. ஆனால் அதை நிரப்பிக் கேட்கத் தனிப் படிவம் கிடையாது, அரசு தன் விருப்பப்படி தருவது. மறைத்தால் பொய்த் தகவல் என்ற இரண்டாவது தடையும் சேரும். விசா நேர்காணலுக்காகக் கொழும்புக்குக் கிளம்பும் முன் இந்தத் துறை தெரிந்த வழக்கறிஞரிடம் முழுவதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆவணங்களில் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இரண்டு சிக்கல் திரும்பத் திரும்ப வருகிறது. ஒன்று, பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயர் இருக்காது. அப்பா, அம்மா பெயரும் தேதியும் மட்டும் இருக்கும். பிறப்பைப் பதிவு செய்த மாநகராட்சி, நகராட்சி அல்லது பேரூராட்சி அலுவலகத்தில் பெயரைச் சேர்த்துப் புதிய சான்றிதழ் வாங்க வேண்டும், அதற்கு நாளாகும். பதிவே இல்லை என்றால் 'பதிவு இல்லை' என்ற சான்றிதழும், பள்ளிச் சான்றிதழும், மூத்த உறவினரின் பிரமாணப் பத்திரமும் வேண்டும். இரண்டாவது, இனிஷியல். பள்ளிச் சான்றிதழில் ஓர் எழுத்து, பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயர், திருமணப் பதிவில் கணவர் பெயர் என்று மூன்று விதமாக இருந்தால், டிஎஸ்-260 என்ற குடியேற்ற விசாப் படிவத்தில் 'வேறு பெயர்கள்' என்ற இடத்தில் அத்தனையையும் எழுதிவிடுங்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் விசாவில் 'எஃப்என்யூ' (முதற்பெயர் தெரியாது) என்று வரும். முடிந்தால் முன்பே பாஸ்போர்ட்டைத் திருத்துவது நல்லது. தமிழில் மட்டும் உள்ள சான்றிதழுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும், தனக்கு இரு மொழியும் தெரியும், பெயர்ப்பு சரி என்று மொழிபெயர்த்தவர் கையெழுத்திட்ட உறுதிமொழியும் வேண்டும்.

உங்களிடம் நாங்கள் கேட்பது சட்ட ஆலோசனை தரச் சொல்லி இல்லை. வரிக் கணக்கு எழுதித் தருகிறவரே 'விசாப் படிவத்தையும் நிரப்பித் தருகிறேன்' என்பதை உங்கள் அரங்கில் அனுமதிக்காதீர்கள். வழக்கறிஞரோ, நீதித் துறை அங்கீகரித்த பிரதிநிதியோ மட்டுமே அதைச் செய்யலாம். மேசையில் ஒரே ஒரு தாள் போதும். எப்படி உள்ளே வந்தீர்கள், கடைசி ஐ-94 தேதி என்ன, ஸ்பான்சர் குடிமகனா கிரீன் கார்டா, எப்போதாவது கைது உண்டா, பழைய விசா மனுவை நிரப்பியது யார், நீதிமன்ற உத்தரவு ஏதும் உண்டா. ஆறு கேள்விக்கும் பதில் எழுதும்வரை டிக்கெட் போட வேண்டாம் என்று மேலே பெரிய எழுத்தில் இருக்கட்டும். பதில் தெரியாதவர்கள் தகவல் சுதந்திரச் சட்டத்தின் கீழ் தங்கள் கோப்பின் நகலைக் கேட்டு வாங்கலாம் என்பதையும் கீழே சேர்க்க வேண்டும்.

தாளை நாங்கள் எழுதித் தருகிறோம். வழக்கறிஞரிடம் சரிபார்க்கும் செலவையும் அச்சுச் செலவையும் சங்கம் ஏற்க முடியுமா என்று, அடுத்த விழாவின் நிகழ்ச்சி நிரல் முடிவாகும் முன் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
குடும்ப விசா ஆவணங்களில் உதவும் தன்னார்வலர்கள்