லாரி ஹோம்ஸை எந்த வயதில் நிறுத்தி அளப்பது?

அன்புள்ள நண்பருக்கு,

ஹெவிவெயிட் (மிக உயர்ந்த எடைப் பிரிவு) குத்துச்சண்டை வீரர்களை வரிசைப்படுத்தி நீங்கள் அனுப்பிய பட்டியலை இரண்டு முறை படித்தேன். லாரி ஹோம்ஸை அவ்வளவு கீழே வைத்ததற்கு நீங்கள் சொல்லியிருக்கும் காரணம் ஒன்றே ஒன்றுதான். 1988 ஜனவரி 22 அன்று அட்லாண்டிக் சிட்டியில் மைக் டைசன் அவரை நான்காம் சுற்றில் வீழ்த்தினார். ஆகவே உச்சக் காலத்து ஹோம்ஸாலும் டைசனைத் தாங்கியிருக்க முடியாது என்கிறீர்கள். அந்த ‘ஆகவே’யை என்னால் ஏற்க முடியவில்லை. ஏன் என்று விரிவாக எழுத வேண்டும் என்று தோன்றியதால்தான் இந்தக் கடிதம்.

அன்றிரவு ஹோம்ஸுக்கு வயது 38. 1986 ஏப்ரலில் மைக்கேல் ஸ்பிங்க்ஸிடம் இரண்டாம் முறை தோற்ற பிறகு ஏறத்தாழ 21 மாதங்கள் அவர் எந்தப் போட்டியிலும் இறங்கவில்லை. எதிரே நின்ற டைசனுக்கு வயது 21. நான்காம் சுற்றின் தொடக்கத்தில் ஹோம்ஸ் நுனிக்காலில் நகர்ந்தபடி இடக்கை ஜாபை, அதாவது கையை நேராக நீட்டி விரைவாக விடும் குத்தை, வீசத் தொடங்கியதை நீங்களும் கவனித்திருப்பீர்கள். என்ன செய்ய வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அதைச் செய்யக் கால்கள் ஒரு சுற்று முழுவதும்கூட இடம் தரவில்லை. மூன்று முறை விழுந்தார். 75 போட்டிகள் கொண்ட அவருடைய வாழ்க்கையில் நடுவர் குறுக்கிட்டு நிறுத்திய தோல்வி அது ஒன்றுதான். அந்த இரவு டைசனின் வேகத்தைப் பற்றி நிறையச் சொல்கிறது, 38 வயது உடலைப் பற்றியும் சொல்கிறது. ஆனால் 1978இல் கென் நார்ட்டனுடன் பதினான்கு சுற்றுகள் சமநிலையில் போராடிவிட்டு, பதினைந்தாம் சுற்றைத் தனதாக்கி உலக ஹெவிவெயிட் பட்டத்தை வென்ற இளைஞரைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

இதை நான் ஹோம்ஸுக்காக மட்டும் சொல்லவில்லை. ஒரு விதியை ஏற்றுக்கொண்டால் அது எல்லோருக்கும் பொருந்த வேண்டும். 1980 அக்டோபர் 2 அன்று லாஸ் வேகாஸில் ஹோம்ஸ் முகம்மது அலியை வென்றார். அலிக்கும் அன்று வயது 38தான். அவரும் இரண்டு ஆண்டுகள் ஓய்விலிருந்து திரும்பியவர்தான். போதாக்குறைக்குத் தைராய்டு மருந்தை உட்கொண்டு உடல் எடையும் வலுவும் இழந்திருந்தார். பத்துச் சுற்றுகளில் ஒன்றைக்கூட அலியால் வெல்ல முடியவில்லை. இருக்கையிலிருந்து மீண்டும் எழ விடாமல் அவருடைய பயிற்சியாளர் ஆஞ்சலோ டண்டீ போட்டியை நிறுத்தினார். ஒரு காலத்தில் அலியின் பயிற்சித் துணையாக இருந்த ஹோம்ஸ், அந்த வெற்றிக்காக மகிழவில்லை. ஆகவே ஹோம்ஸின் கணக்கில் அலி மீதான வெற்றிக்கு நான் மதிப்பெண் எதுவும் தர மாட்டேன். நீங்களோ உங்கள் பட்டியலில் அதற்கு மதிப்பெண் தந்திருக்கிறீர்கள். டைசனிடம் தோற்றதற்குக் கழித்தும் இருக்கிறீர்கள். ஒரே வயதில், ஒரே மாதிரியான ஓய்வுக்குப் பிறகு நடந்த இரண்டு போட்டிகளில் ஒன்றுக்கு ஒரு தராசும் மற்றொன்றுக்கு வேறொரு தராசும் எப்படிச் சரியாகும்?

உச்சம் எப்போது முடிந்தது என்பதைத் தோல்விகளை எண்ணிக் கண்டுபிடிக்க முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். ஹோம்ஸ் 48 போட்டிகளில் தோல்வியே காணாமல் இருந்துவிட்டு, 1985 செப்டம்பரில் தோல்வியே காணாமல் ஓய்வு பெற்ற முன்னாள் சாம்பியன் ராக்கி மார்சியானோவின் 49 வெற்றிகளை எட்ட வேண்டிய போட்டியில் ஸ்பிங்க்ஸிடம் தோற்றார். சரிவு அன்று தொடங்கவில்லை. 1983 மே மாதம், அதுவரை பதினைந்தே போட்டிகளில் ஆடியிருந்த டிம் விதர்ஸ்பூனிடம் அவர் திணறி, நடுவர்களின் தீர்ப்பு பிளவுபட்ட நிலையில்தான் பிழைத்தார். 1985 மே மாதம் கார்ல் வில்லியம்ஸுடனான பதினைந்து சுற்றுகளும் அப்படியே நெருக்கமானவை. முன்பெல்லாம் ஜாபை வீசிய கணமே எதிராளியின் கைக்கு எட்டாத தூரத்துக்கு விலகிவிடுபவர், இப்போது வீசிய இடத்திலேயே அரைக் கணம் நின்றுவிடுகிறார்; அந்த அரைக் கணத்தில்தான் எதிராளியின் குத்து வந்து விழுகிறது. பதிவில் பூஜ்யம் தோல்வி என்று இருப்பதால் நாம் இதைக் கவனிப்பதில்லை. எனவே ஸ்பிங்க்ஸிடம் அடைந்த முதல் தோல்வியை முழுவதுமாகத் தள்ளிவிடச் சொல்லி உங்களிடம் நான் கேட்கவில்லை. அப்போது அவருக்கு வயது 35, பட்டமும் அவரிடமே இருந்தது, எதிரே வந்தவர் எடையைக் கூட்டிக்கொண்டு வந்த, லைட் ஹெவிவெயிட் என்னும் குறைந்த எடைப் பிரிவின் சாம்பியன். அந்தத் தோல்வியில் ஒரு பங்கு அவர் கணக்கில் ஏறத்தான் வேண்டும். மறு போட்டியில் ஹோம்ஸ்தான் வென்றார் என்று நினைப்பவர்கள் பலர். நானும் அவர்களில் ஒருவன்.

சரிவுக்காலத்துத் தோல்விகளை எடை குறைத்துப் பார்க்கும் நாம், அதே காலத்து நல்ல ஆட்டங்களுக்கு எடை கூட்ட வேண்டும் என்பதே நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. 1992 பிப்ரவரியில், 42 வயதில், 1988 சியோல் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவரும் அதுவரை தோல்வியே அறியாதவருமான ரே மெர்சரை ஹோம்ஸ் பன்னிரண்டு சுற்றுகளில் புள்ளிகளில் வென்றார். ஓட முடியாது என்று தெரிந்ததால் மூலையில் முதுகைச் சாய்த்து நின்று, மெர்சரை வரவழைத்து, அவர் குத்து புறப்படும் கணத்தில் வலக்கையால் நேராகப் பதில் கொடுத்தார். கால்களால் வாழ்ந்த ஒருவர், கால்கள் போன பிறகு கண்ணையும் கணிப்பையும் மட்டும் நம்பி ஆடிய ஆட்டம் அது. 1995 ஏப்ரலில் ஆலிவர் மெக்காலிடம் தோற்றபோது அவருக்கு 45 வயது. அதற்கு ஏறத்தாழ ஏழு மாதங்கள் முன்பு லெனக்ஸ் லூயிஸை இரண்டாம் சுற்றில் வீழ்த்தியவர் அந்த மெக்கால். அவருடன் பன்னிரண்டு சுற்றுகள் நின்று, சொற்பப் புள்ளிகளில்தான் ஹோம்ஸ் தோற்றார். தோல்வியாக இருந்தும் மதிப்பைக் கூட்டுகிற போட்டி இது. 52 வயதில் ஆடிய கடைசிப் போட்டியை இந்தக் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம்.

ஜார்ஜ் ஃபோர்மன் 45 வயதில் மைக்கேல் மூரரை வீழ்த்திப் பட்டம் பெற்றாரே, வயது ஒரு சாக்காகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்வி. குத்துச்சண்டை வீரரின் உடலில் முதலில் போவது கால்கள், பிறகு உடனுக்குடன் விலகும் திறன். குத்தின் வலிமை கடைசியாகத்தான் போகும். ஃபோர்மனின் செல்வம் எப்போதும் வலிமைதான். பத்தாண்டுகள் விலகியிருந்து 1987இல் திரும்பிய அவர், இளமையில் ஆடிய அவசரமான ஆட்டத்தை விட்டுவிட்டு, நிதானமாக முன்னேறி ஒரு குத்துக்காகக் காத்திருக்கும் வேறொரு வீரராகவே வந்தார். மூரருடனான போட்டியில் மூன்று நடுவர்களின் கணக்கிலும் பின்தங்கியிருந்தவர், பத்தாம் சுற்றில் அந்த ஒரு குத்தை இறக்கினார். விலகி விலகி ஆடும் கலையில் வாழ்ந்த ஹோம்ஸையும் அலியையும் அதே அளவுகோலில் வைப்பது நியாயமாகாது. அவர்களை வயது அடித்தது வேறு இடத்தில்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். பட்டியலை மீண்டும் தொடும் முன், நார்ட்டனுடனான பதினைந்தாம் சுற்றையும் மெர்சருடனான ஏதாவது இரண்டு சுற்றுகளையும் அடுத்தடுத்துப் பாருங்கள். முதல் முறை பார்க்கும்போது கைகளைக் கவனிக்காமல் ஹோம்ஸின் கால்களை மட்டும் பாருங்கள். இரண்டாம் முறை அவர் கண்கள் எதிராளியின் தோள் மீது எவ்வளவு நேரம் நிலைத்திருக்கின்றன என்று பாருங்கள். அதன் பிறகும் அவர் இப்போதுள்ள இடத்திலேயே இருக்க வேண்டும் என்று தோன்றினால், காரணத்தோடு எழுதுங்கள். காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் நண்பன்