திங்கட்கிழமை மட்டும் வேண்டாம்

திருப்பாதிரிப்புலியூர்,
டிசம்பர் 7.

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதிக்கொண்டது. இங்கே நானும் அம்மாவும் நலம். அங்கே நீ, மருமகள், பாப்பா மூவரும் நலமாக இருக்க பாடலீஸ்வரரை வேண்டிக்கொள்கிறேன். போனில் பேசினால் "ம்", "சரிப்பா", "அப்புறம் கூப்பிடறேன்" என்று மூன்று வார்த்தையில் முடித்துவிடுகிறாய். பேச உட்கார்ந்தால் எனக்கும் வாய் வருவதில்லை. அதனால் கடிதமாக எழுதுகிறேன். இது உனக்கு மட்டும். பாப்பாவுக்குத் தனியாக ஒரு கார்டு வைத்திருக்கிறேன், அதை அவளிடம் கொடு.

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய நான்கு நாள் ப்ரோகிராமைப் பார்த்தேன். எந்த நாள் எந்தப் பூங்கா, எந்த ஹோட்டலில் சாப்பாடு, எல்லாம் மணிக்கணக்காகப் போட்டிருக்கிறாய். சின்ன வயதிலிருந்தே உனக்கு எல்லாம் அட்டவணையாக இருக்க வேண்டும். புனேயில் உன் கம்பெனியில் உன்னை நம்பி நாற்பது பேர் வேலை பார்க்கிறார்கள் என்று தெருவில் கேட்பவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் 27 முதல் 30 வரை பாண்டிச்சேரியில் ரூம், கடலூருக்கு 31-ம் தேதி ஒரே ஒரு நாள் என்று போட்டிருப்பதை இன்னும் அம்மாவிடம் சொல்லவில்லை. அவள் கீழ் ரூமைக் கழுவி, புதுத் தலையணை உறை போட்டு வைத்திருக்கிறாள். முறுக்குக்கு மாவு அரைத்தாகிவிட்டது. இங்கிருந்து பாண்டி இருபத்தைந்து கிலோமீட்டர்கூட இல்லை. பஸ் ஏறினால் ஒரு மணி நேரம். பிள்ளையோடு ஹோட்டலில் தங்குவது வசதி என்றால் தங்கு, நான் ஒன்றும் சொல்லவில்லை.

எழுத வந்தது வேறு. 29-ம் தேதி காலை மியூசியம் என்று போட்டிருக்கிறாய். அன்று திங்கட்கிழமை. பாண்டி மியூசியத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. அதை 28, ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்று. திங்கட்கிழமை மட்டும் வேண்டாம்.

மற்ற இடங்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். தாவரவியல் பூங்கா 1826-ல் பிரெஞ்சுக்காரர்கள் போட்டது. நீ ஆசைப்பட்ட சின்ன ரயில் ஓடுகிறதா என்று விசாரித்துவிட்டுப் பாப்பாவிடம் சொல். ஓடும் என்று சொல்லி ஓடாமல் போனால் பிள்ளை மனசு என்ன பாடுபடும் என்று உனக்குத் தெரியும். 2011-ல் தானே புயல் அந்தத் தோட்டத்தில் பெரிய பெரிய மரங்களைச் சாய்த்துவிட்டது, நீ பார்த்த நிழல் இப்போது இருக்காது. நோணாங்குப்பம் படகுத் துறைக்குக் காலையிலேயே போய்விடு. படகு கொண்டுபோய் விடுகிற மணல்திட்டில் பாப்பாவைக் கடலில் இறங்க விடாதே, அலை இழுக்கும். கையை விடாதே. பீச் ரோட்டில் நீ பார்த்ததெல்லாம் கருங்கல் பாறைதான், இப்போது தலைமைச் செயலகத்துக்கு எதிரே மணல் சேர்ந்து நிஜக் கடற்கரையாகவே இருக்கிறது. காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் எட்டுத் தூண்களும் செஞ்சியிலிருந்து கொண்டுவந்தவை என்று பாப்பாவுக்குச் சொல், எண்ணிப் பார்ப்பாள். கூட்டத்தில் கையை மட்டும் விடாதே.

திருவக்கரையை நீ எழுதவே இல்லை. ஒரு நாள் அதற்கு ஒதுக்கு. இரண்டு கோடி வருஷத்துக்கு முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. 1781-லேயே சொன்னேரா என்ற பிரெஞ்சுக்காரர் அதைப் பார்த்து எழுதிவைத்திருக்கிறார். நான் போன தை மாதம் தனியாகப் போய்ப் பார்த்தேன். மரத்தின் ரேகை, கணு எல்லாம் அப்படியே இருக்கிறது. தொட்டால் சில்லென்று கல். ஒன்றுக்கும் கிளை கிடையாது, இலை கிடையாது. அங்கே முளைத்த மரங்கள் இல்லையாம், வெள்ளம் எங்கிருந்தோ அடித்துக்கொண்டு வந்து போட்டதாம். பக்கத்திலேயே வக்கிரகாளியம்மன் கோயில். மருமகளுக்கு அம்மன் என்றால் பிடிக்கும்.

சாப்பாட்டுக்கு நீ எழுதியிருக்கும் இடங்களின் பெயர்களெல்லாம் என் வாயில் நுழையவில்லை. நேரு வீதி இந்தியன் காபி ஹவுஸில் பாப்பாவுக்கு ஒரு தோசை வாங்கிக் கொடு, போதும். எந்த ஹோட்டலாக இருந்தாலும் மூன்று பேரும் ஒன்றாகப் போய் ஒன்றாக எழுந்து வாருங்கள்.

மியூசியத்துக்கு வருகிறேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நான் நாலைந்து தடவை அங்கே போய்வந்துவிட்டேன். அம்மாவுக்குக்கூடத் தெரியாது, பென்ஷன் ஆபீஸுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போவேன். அரிக்கமேட்டில் கிடைத்ததையெல்லாம் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். நாம் பஸ்ஸில் தாண்டிப்போன அதே அரியாங்குப்பத்து ஆற்றங்கரைதான். ரோம் நாட்டிலிருந்து ஒயின் வந்த ஜாடிகளின் துண்டுகள், இங்கேயே செய்த கண்ணாடி மணிகள். 1945-ல் வீலர் என்ற ஆங்கிலேயத் தொல்லியல் அறிஞர் தோண்டிப் பார்த்துத்தான் ரோமோடு வியாபாரம் நடந்தது உறுதியானது என்கிறார்கள். அதற்கு முன்பே, 1937 வாக்கில், அந்த ஊர்ப் பிள்ளைகள் மண்ணில் பொறுக்கி வைத்திருந்த மணிகளை ழூவோ துப்ரேய் என்ற பிரெஞ்சுப் பேராசிரியர் காசு கொடுத்து வாங்கியிருக்கிறார். சில மணிகள் கடுகு அளவுதான். அதிலும் நூல் கோக்க ஓட்டை. பாப்பாவைத் தூக்கிக் காட்டு, தரையில் நின்றால் அவளுக்கு எட்டாது. பிரெஞ்சு கவர்னர் டூப்ளே படுத்தது என்று ஒரு கட்டில், ஆளை உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போகிற புஷ்புஷ் வண்டி, பல்லக்கு, சோழர் காலத்துச் சாமி சிலைகள், எல்லாம் இருக்கின்றன.

ஒவ்வொரு தடவையும் அந்த மணிப் பெட்டி முன்னால் வந்ததும் கால் நின்றுவிடுகிறது. உனக்குக் காட்டவேண்டியது. எட்டு வயதில் காட்டவேண்டியது.

போன மாதம் பரணை ஒழித்தபோது உன் மூன்றாம் வகுப்புக் கட்டுரை நோட்டு கிடைத்தது. பழுப்பு அட்டை, ஓரம் கரையான் அரித்திருக்கிறது. 'நான் கண்ட அருங்காட்சியகம்' என்று தலைப்பு. 1994 அரைப்பரீட்சை லீவுக்கு டீச்சர் கொடுத்தது. லீவு முழுக்க என் காலைச் சுற்றிச் சுற்றி வந்தாயே, அது. நீ எழுதியிருப்பதை அப்படியே தருகிறேன்.

"அருங்காட்சியகத்துக்குப் பெரிய இரும்புக் கதவு இருந்தது. கதவில் பூட்டு இருந்தது. எதிரில் பூங்கா இருந்தது. அங்கே ஆயி மண்டபம் வெள்ளையாக இருந்தது. அம்மா புளிசாதம் கொடுத்தார்கள். ஒரு காகம் வந்தது. நானும் அக்காவும் மண்டபத்தை ஒன்பது முறை சுற்றினோம். அப்பா எங்களோடு இருந்தார்."

கீழே சிவப்பு மையில் 'நன்று' என்று டீச்சர் போட்டிருக்கிறார்கள்.

கண்ணால் பார்த்ததைத்தான் எழுதியிருக்கிறாய், தம்பி. கடைசி வரியைத் தவிர.

எனக்கு அப்போது சிப்காட்டில் ஷிப்ட், வார லீவு திங்கட்கிழமை. திங்கட்கிழமை மியூசியம் இருக்காது என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் கூட்டிக்கொண்டு போனேன். "அடடா, பூட்டிட்டானே" என்று உன் முன்னால் தலையில் கை வைத்தேன். அம்மாவையும் உங்கள் இருவரையும் பாரதி பூங்காவில் பெஞ்சில் உட்காரவைத்து, "பழைய கம்பெனி ஆள் ஒருத்தனைப் பார்த்துட்டு வந்துடறேன்" என்று கிளம்பினேன். பதினொன்றரைக்குப் போனவன் திரும்பும்போது நாலு மணி தாண்டியிருந்தது. எந்தச் சந்தில் எந்தக் கடை என்று அன்றைக்கு எனக்குத் தெரிந்த அளவுக்கு நம் தெருகூடத் தெரியாது. காலாண்டு லீவு, முழுப்பரீட்சை லீவு எல்லாம் அதே கதைதான். பூங்கா, பீச், பொம்மை ரயில் என்று உங்களுக்குச் சொன்னதெல்லாம் எனக்குப் பாண்டிக்கு பஸ் ஏற ஒரு சாக்கு. அம்மாவுக்கு முதல் தடவையிலேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் விடியற்காலையில் எழுந்து புளிசாதம் கிளறினாள். பிள்ளைகள் ரெண்டும் கடலைப் பார்க்கட்டுமே என்பாள்.

அதையாவது மன்னிக்கலாம். பச்சை பஸ்ஸில் திரும்பி வந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். நானும் மறக்கவில்லை, இத்தனை வருஷம் மறந்ததுபோல இருந்துவிட்டேன். ஆல்பேட்டை செக்போஸ்ட்டில் பஸ்ஸை நிறுத்தி, ஏறி, பை பையாகத் தடவுவார்கள். ரெட்டிச்சாவடி தாண்டியதும் நான் உன் காக்கி ஸ்கூல் பையை வாங்கி, கட்டுரை எழுதக் கொண்டுவந்த அந்த நோட்டை எடுத்துவிட்டு, அடியில் இரண்டு குவார்ட்டர் பாட்டிலை வைத்தேன். மேலே நோட்டை வைத்து உன் மடியில் கொடுத்தேன். "கெட்டியா பிடிச்சுக்கோ, யார் கேட்டாலும் பேசாதே" என்றேன். போலீஸ்காரர் வந்தார். என் பையைப் பார்த்தார், அம்மாவின் வயர்கூடையைப் பார்த்தார். உன் கன்னத்தைத் தட்டி, "எந்த ஸ்கூல்டா?" என்று கேட்டார். நீ பேசவில்லை. பையை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு என்னையே பார்த்தாய். பஸ் பெண்ணையாற்றுப் பாலத்தில் ஏறிய பிறகுதான் மூச்சு விட்டாய். உன் தோள் இறங்கியதைப் பக்கத்தில் உட்கார்ந்து நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, "சமத்து" என்று சொன்னேன்.

நீ யாரிடமும் எதுவும் சொல்லாமல் இருக்கப் பழகியது அன்றைக்குத்தான். பழக்கியவன் நான்.

குடியை விட்டது 2007-ல், மஞ்சள் காமாலை வந்து படுத்த பிறகு. அதற்குள் நீ வேலைக்குப் போய்விட்டாய். நல்ல அப்பாவாக நான் இருந்த வருஷங்களில் நீ வீட்டில் இல்லை. சித்தப்பா விஷயம் உனக்குத் தெரியும், அதைப் பற்றி எழுதக் கை வரவில்லை. நம் வீட்டு ரத்தத்தில் இது இருக்கிறது, அவ்வளவுதான் சொல்வேன்.

கார்த்திகை தீபத்தன்று வீடியோ காலில் பாப்பா என்னிடம் ஒன்று சொன்னாள். "தாத்தா, அப்பா கார்லயே தூங்கிட்டாங்க, காலையில வாட்ச்மேன் அங்கிள்தான் எழுப்பினாங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். மருமகள் உடனே போனை வாங்கி, ஆபீஸில் வேலை அதிகம் மாமா என்றாள். நல்ல பெண். வேலை அதிகமாகத்தான் இருக்கும். நான் அவளை ஒன்றும் கேட்கவில்லை, உன்னையும் கேட்கவில்லை. வேளாவேளைக்குச் சாப்பிடு. ராத்திரி கார் ஓட்டாதே. வேலை வேலை என்று உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

உன் ப்ரோகிராமில் ஒவ்வொரு நாளும் மாலை நாலு மணிக்கு மேல் 'மருமகளும் பாப்பாவும் பீச், நான் ஃபிரெண்ட்ஸைப் பார்க்கிறேன்' என்று இருக்கிறது. பாண்டியில் உனக்கு யார் ஃபிரெண்ட்ஸ் என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன். உன்னோடு படித்தவர்கள் எல்லோரும் சென்னையிலும் பெங்களூரிலும்தான் இருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸில் நான் வந்துவிடுவேன். அம்மாவையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். ஹோட்டல் விஷயத்தை அதற்குள் நானே பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன், நீ கவலைப்படாதே. பத்தரை மணிக்கு மியூசியம் கேட்டில், பூங்காவைப் பார்த்தாற்போல நிற்போம். மதியம் புளிசாதத்தைப் பூங்காவில் வைத்துச் சாப்பிடலாம். பாப்பா மண்டபத்தைச் சுற்றட்டும். நாலு மணிக்கு மேல் அம்மா, மருமகள், பாப்பா மூவரும் பீச்சுக்குப் போகட்டும். நான் உன்னோடு இருக்கிறேன். நீ எங்கே போனாலும் வருகிறேன். பேசாமல் நடந்தாலும் சரி.

இப்படிக்கு,
அப்பா

பி.கு.: அந்த நோட்டைக் கரையான் மருந்து போட்டுப் பத்திரமாக வைத்திருக்கிறேன். வேண்டுமென்றால் கொண்டுவருகிறேன், வேண்டாம் என்றால் வேண்டாம். பாப்பாவுக்கு முழுக்கை சட்டை ஒன்று எடுத்துவை, மார்கழியில் பீச்சில் காற்று அதிகம்.