கைக்குழந்தைக்கு மூக்கில் சளி எடுக்கும்போது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சாரல் தொடங்கிவிட்டால் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் கைக்குழந்தைகளோடு மருத்துவமனைக்கு அலைவது வாடிக்கை. குழந்தைகளின் மூச்சுக்குழாயைத் தாக்கும் ஆர்.எஸ்.வி. வைரஸா, இன்ஃபுளுயன்சாவா என்று பார்க்க மூக்கில் சளி எடுக்கிறார்கள். முடிவு 'நெகட்டிவ்' என்று வந்தால், வைரஸ் இல்லை என்று மட்டும் பொருளில்லை. மாதிரி சரியாக எடுபடாமலும் இருந்திருக்கலாம்.

முதலில் குச்சி. மரக்குச்சியில் பஞ்சு சுற்றியது ஆகாது. பஞ்சைப் பற்றி நம் பக்கத்தாருக்குச் சொல்ல வேண்டியதில்லை, உறிஞ்சியதை லேசில் விடாது. மரத்திலிருந்து இறங்கும் பொருள்கள், ஆய்வகத்தில் வைரஸைக் கண்டறியும் பி.சி.ஆர். வினையையும் தடுக்கும். நைலான் இழைகள் வெல்வெட் போல நிற்கும் 'ஃப்ளாக்டு ஸ்வாப்' வேண்டும். அதிலும் குழந்தைகளுக்கென வரும், மெல்லிய, வளையும் தண்டு உள்ளது.

பால் குடித்த கையோடு எடுத்தால் கக்கிவிடும். கைகளைத் துண்டால் சுற்றித் தாய் மடியில் சாய்த்து, தலையை இன்னொருவர் அசையாமல் பிடிக்க வேண்டும். நாசித் துளையிலிருந்து காது வரையிலான தூரத்தில் ஏறக்குறைய பாதிதான் ஆழம். குச்சி புருவத்தைப் பார்த்து மேலே ஏறக் கூடாது. அண்ணத்துக்கு இணையாக, நேர் பின்னே போக வேண்டும். மேலே குத்தினால் உள்மடிப்பில் இடித்து ரத்தம்தான் வரும். வழியில் தடை தட்டினால் தள்ளாமல் அடுத்த துளைக்கு மாறுங்கள். பின்சுவரைத் தொட்டதும் சில நொடி நிறுத்தி, மெல்லச் சுழற்றி எடுக்கலாம். வாசலில் ஒழுகும் சளியை ஒற்றி எடுத்தால் போதாது. வைரஸ் பெருகுவது உள்ளே இருக்கும் செல்களில். அவைதான் குச்சியில் ஒட்ட வேண்டும்.

எடுத்த குச்சியைக் கெடாமல் ஆய்வகத்துக்கு அனுப்பும் வி.டி.எம். குழாயில் 2 முதல் 3 மில்லி திரவம் இருக்கும். 2 முதல் 8 டிகிரி குளிரில் வைத்தால் 72 மணி நேரம் தாங்கும். தாராபுரத்திலிருந்தோ கோபியிலிருந்தோ கோவைக்குப் போகும் மாதிரி, ஐஸ் பெட்டி இல்லாமல் பேருந்தில் வெந்துகொண்டு போகக் கூடாது. சாதாரண ஃப்ரீசரிலும் போட வேண்டாம். உறைந்து உருகினால் ஆர்.எஸ்.வி. சிதையும். பெயர் வைக்காத குழந்தைக்குத் தாய் பெயரை மட்டும் எழுதினால் ஒரே வார்டில் இரண்டு 'கவிதா குழந்தை' வந்துவிடும். மருத்துவமனை எண்ணும் நேரமும் குழாயிலேயே எழுதுங்கள்.

வீட்டில் அப்பத்தாவோ அம்மாயியோ குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விடுவதை நிறுத்தச் சொல்லுங்கள். அது நுரையீரலுக்குள் இறங்கினால் தனி நிமோனியாவே வரும்.

ஆர்.எஸ்.வி. என்று தெரிந்தாலும் பெரும்பாலும் ஆக்சிஜனும் பால் இறங்கச் செய்வதும்தான் மருத்துவம். இரண்டு மாதத்துக்குள் நிமிடத்துக்கு 60, அதற்கு மேல் ஒரு வயதுக்குள் 50 என்ற அளவை மூச்சு எட்டினாலோ, விலா உள்வாங்கினாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் கிளம்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
குழந்தை மருத்துவ, ஆய்வகப் பணியாளர்கள் சிலர்,
பொள்ளாச்சி